நக்கவாரத்துக் கடல் எல்லை

பெரிய நிகோபாரின் தென்முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். அக்கடலை ஒருகாலத்தில் ஆண்ட ஸ்ரீவிஜய அரசு, எழுந்துவரும் சோழரை நன்கொடையால் நண்பராக்க முயன்றது. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிற்று. இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். அவன் மைந்தன் இராசேந்திரனோ 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கலம் செலுத்தினான். அவன் மெய்க்கீர்த்தியில் நக்கவாரமும் உண்டு. படிக்கையில் நமக்குப் பெருமிதமே. அக்கரையார் நினைவு எத்தகையதென்று நாம் கேட்பதில்லை.

இந்தோனேசியா 1974-இல் வேறு வழி கண்டது. நட்பு நிலவும்போதே இந்தியாவுடன் அமர்ந்து, பெரும்பாலும் இருகரைக்கும் நடுவாகக் கடற்படுகை எல்லையை எழுதிக்கொண்டது. தாய்லாந்து 1978-இலும், அன்றைய பர்மா 1986-இலும் அவ்வாறே உடன்படிக்கை செய்தன. நம் கடற்படை அவர்களுடையதினும் பெரிது. ஆயினும் எல்லைக் கோடு பெரியவரையும் கட்டும். சிறிய அண்டை நாட்டிற்கு நன்கொடையினும் இதுவே உறுதியான காப்பென்று கருதுகிறேன். எண்பதுகளில் நம் கடற்படை வளர்ந்தபோது அக்கரையில் ஐயம் எழுந்தது. 1995-இல் போர்ட் பிளேரில் ‘மிலன்’ என்னும் கடற்படைக் கூட்டம் தொடங்கியபோது, இந்தோனேசியாவும் தாய்லாந்தும் விலகி நில்லாமல் வந்து கலந்துகொண்டன. அவ்வூர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. நமக்கு அது வெற்றியின் பெயர், அக்கரையாருக்கோ தம் பழைய அரசின் பெயராகவும் ஒலிக்கும்.