பழைய காருக்கு ஏற்ற புத்தகம்



நம் தோட்டப்புறங்களிலிருந்து பட்டறைக்கு வேலை பழகப் போகும் பிள்ளைகள் பலர். ஸ்பானர் பிடிக்க அவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால், புத்தகத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன், ஆண்டுகள் பல ஆனாலும் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே இருக்க நேரிடும். எனவே, தொழிலுக்கு ஏற்ற புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம். அதற்கு எடுத்துக்காட்டாகச் சற்றுக் கடினமான கருவி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் கணினி கட்டுப்படுத்தும் கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் வேலை என்ன? பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புவது. அதில் கணினி ஏன் நுழைந்தது? அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புகையைச் சுத்தப்படுத்தும் கருவியைக் கார்களின் புகைக்குழாயில் பொருத்தினார்கள். பின்னர் வந்த மூவழிக் கருவி நன்றாக வேலை செய்ய வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். பால்வெட்டும் கத்தி ஆழமாய்ப் போனால் மரம் புண்ணாகும். மேலோடு நின்றால் பால் வராது. இங்கும் அதே நுணுக்கந்தான். இந்த அளவைக் கைத்திருகால் மட்டும் காக்க முடியாது.

ஆகவே, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981ஆம் ஆண்டு முதல் தன் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் கணினியைச் சேர்த்தது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்கருவி கலவையின் நிலையைக் கணினிக்குச் சொல்லும். கணினி, கார்புரேட்டருக்குள் இருக்கும் மின்காந்த ஊசியை விநாடிக்குப் பத்து முறை இயக்கிப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்னும் கார்புரேட்டரின் கணினி வகை இப்படிப்பட்டது. 1990ஆம் ஆண்டு மாடல் கார்கள் சிலவற்றிலும் அது இருந்தது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். கணினி வருவதற்கு முன் எழுதப்பட்ட புத்தகம் என்ன சொல்லும்? "இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கலவைத் திருகைத் திருப்பு" என்று சொல்லும். சாதாரணக் கார்புரேட்டருக்கு அது சரியான அறிவுரை. ஆனால் கணினி வகையில் அந்தத் திருகுகளைத் தொழிற்சாலையிலேயே அடைத்து அனுப்பினார்கள். அடைப்பை உடைத்துத் திருகினால், கணினி அதை மறுபக்கம் இழுத்துச் சரிக்கட்டப் பார்க்கும். உண்மையான பழுது மறைந்து கிடக்கும், பெட்ரோலும் வீணாகும். புத்தகம் பொய் சொல்லவில்லை. அது வேறு இயந்திரத்துக்கு எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் நல்ல புத்தகத்தை அறிவது எப்படி? நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, இது எந்த ஆண்டுக் காருக்கு, எந்த இஞ்சினுக்கு உரியது? குவாட்ராஜெட்டின் உடலில் இடப்பக்கப் பின்புறத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பதிப்பு? டக் ரோ என்பவர் எழுதிய ரோச்செஸ்டர் கார்புரேட்டர் நூல் 1973இல் வந்தது. திருத்திய பதிப்பு 1986இல் வந்தது. அட்டையில் ஒரே பெயர். ஆனால் 1973இல் இந்தக் கணினி முறையே இல்லை! அடிப்படையைக் கற்க முதற்பதிப்பு உதவும். கணினி வகையைச் சரிசெய்ய உதவாது. ஆகவே, உள்பக்கத்தில் ஆண்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, சோதிக்கும் முறை படிப்படியாக இருக்கிறதா? நல்ல புத்தகம், டுவெல் மீட்டரை எட்டு சிலிண்டர் இஞ்சினாக இருந்தாலும் ஆறு சிலிண்டர் அளவில் வைக்கச் சொல்லும். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் முள் 30 பாகையை ஒட்டி அசைந்துகொண்டிருக்க வேண்டும். 50க்கு மேல் போய் நின்றால், பெட்ரோல் அதிகமென்று கணினி குறைக்கப் பார்க்கிறது. 10க்குக் கீழ் நின்றால், பெட்ரோல் போதவில்லையென்று கூட்டப் பார்க்கிறது. வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய் காற்றை உள்ளே விடுவதுகூட இதற்குக் காரணமாகலாம். மலிவான அந்தக் குழாயைப் பாராமல் முழுக் கார்புரேட்டரையும் மாற்றுகிறவருக்கு எவ்வளவு நட்டம்!

நான்காவது, மின்கம்பி வரைபடமும் காற்றுக்குழாய் வரைபடமும் உண்டா? இவை இல்லாத புத்தகம், வழி தெரியாத ஊரில் பெயர்ப்பலகை இல்லாத சாலையைப் போன்றது.

இந்த நான்குக்கும் நிறைவாகப் பதில் தருவது, கார் நிறுவனமே அந்தந்த ஆண்டுக்கு வெளியிட்ட பணிமனைக் கையேடு. அதற்கு அடுத்தது ஹேய்ன்ஸ், சில்ட்டன் போன்ற கையேடுகள். விலை குறைவு, விளக்கம் எளிது. ஆனால் பல ஆண்டுக் கார்களை ஒரே நூலில் சேர்ப்பதால் கணினிப் பகுதி சுருங்கியிருக்கலாம். பழைய புத்தகக் கடையிலும் நூலகத்திலும் தேடுங்கள். இன்று பல பழைய கையேடுகள் இணையத்திலும் கிடைக்கின்றன.

"இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே" என்று பெற்றோர் சிலர் தயங்கலாம். பட்டறைக் கையேட்டில் ஒரே சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். நாளுக்கு ஐந்து சொல்லாகக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதச் சொல்லுங்கள். சில மாதங்களில் உங்கள் பிள்ளை படத்தையும் படிப்பான், அதன் கீழுள்ள வரியையும் படிப்பான்.

நம் சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பலவற்றில் கணினியில்லாத கார்புரேட்டர்தான் இருந்தது. ஆனால் விதி ஒன்றே: முதலில் இயந்திரத்தின் எண்ணைப் பார், அடுத்துப் புத்தகத்தின் ஆண்டைப் பார், பிறகு சோதித்துப் பார், கடைசியில்தான் திருகைத் தொடு. இந்த ஒழுங்கைக் கற்ற பிள்ளைக்கு எந்தப் பட்டறையிலும் மதிப்பு உண்டு.