தேயிலை இறங்கிய மலை

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போய் இறங்கினால், அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே மலையேறலாம். 'மலை உச்சியில் ஏது ஸ்டேஷன்?' என்பீர்கள். இருந்ததே! 1908 முதல் மூணாறு பக்கத்துத் தேயிலை குட்டி ரயிலில் அங்கே வந்தது. தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. வழியில் உள்ள ஒரு மலைக்கிராமத்துக்கு இன்றும் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். சென்னைக்காரர்கள் மன்னிக்கவும்!

கீழே இலவமரமும் மாமரமும். ஏற ஏற காப்பி, மிளகு, ஏலக்காய். அப்புறம் சோலைக்காடு, அதைத் தாண்டினால் காற்றில் புரளும் புல்வெளி. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரம். அடிவாரத்தில் சட்டை வியர்வையில் நனையும், உச்சியில் கை ஸ்வெட்டரைத் தேடும்.

அந்தப் புல்தான் ஆபத்தும். மார்ச்சில் அது காய்ந்து சருகாகிவிடும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு வரும். மனிதக் கால் அதை முந்தாது. 2018 மார்ச் 11 அன்று பக்கத்திலுள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக்காரர்கள் அப்படித்தான் தீயில் சிக்கினார்கள். சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின.

அதன்பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் கிளம்பாதீர்கள். கோடையில் காட்டுப்பாதைகளை மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே குறிஞ்சிப் பூ பார்க்க ஆசையா? 2018இல் பூத்தது, அடுத்து 2030தான்.