கரையணையும் கப்பல்: விபத்துக்கு யார் பொறுப்பு?

(துறைமுக நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரை)

2019ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. இத்தாலியின் வெனிஸ் நகரில், ஜூதெக்கா கால்வாய் வழியாக ‘எம்.எஸ்.சி. ஓபரா’ என்னும் உல்லாசப் பயணக் கப்பல் துறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் நீளம் 275 மீட்டர். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 65,000 டன். இழுவைப் படகுகள் உடன் வந்தன. இடையில் கப்பலின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுற்றது. கப்பலை நிறுத்த இயலவில்லை. தடுத்து நிறுத்த முயன்ற இழுவைப் படகின் வடம் அறுந்தது. அபாயச் சங்கை ஒலித்தவாறே அக்கப்பல், சான் பசிலியோ துறையில் கட்டப்பட்டிருந்த ‘ரிவர் கௌண்டஸ்’ என்னும் ஆற்றுப் பயணக் கப்பல்மீதும் கரைமீதும் மோதியது. சிலர் காயமுற்றனர். உயிர்ச்சேதம் நேரவில்லை.

விபத்து நிகழ்ந்தவுடன் எழுந்த கேள்வி ஒன்றே: யார் பொறுப்பு? கப்பலின் கேப்டனா? அவருக்கு வழிகாட்ட ஏறியிருந்த துறைமுகப் பைலட்டா? இழுவைப் படகினரா? கப்பல் உரிமையாளரா? அல்லது, இவ்வளவு பெரிய கப்பல் நகரின் நடுவே செல்லலாம் என அனுமதித்த அரசா? இக்கேள்விக்கு ஒரே விடை தேடுவதுதான் பல விசாரணைகளின் குறைபாடாகும். உண்மையில் இதனுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. இழப்பீடு தர வேண்டியவர் யார்? தண்டனைக்கு உரியவர் யார்? மீண்டும் நேராமல் தடுக்க வேண்டியவர் யார்? மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கரையணைதலின் இயல்பு

நடுக்கடலில் செல்லும் கப்பலைவிடக் கரையணையும் கப்பலை ஆள்வது கடினம். ஓடும் நீரின் விசையால்தான் சுக்கான் வேலை செய்கிறது. வேகம் குறையக் குறையச் சுக்கானின் பிடி தளர்கிறது. காற்றின் ஆதிக்கம் ஓங்குகிறது. ஆனால் வேகத்தைக் குறைக்காமல் கரையணையவும் இயலாது.

மோதலின் கடுமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 40,000 டன் எடையுள்ள கப்பல், விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் துறையைத் தொடுகிறது என்று கொள்வோம். அதே கப்பல் ஒரு நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வேகத்தில் வந்தால், வேகம் ஐந்து மடங்குதான். ஆனால் துறை தாங்க வேண்டிய ஆற்றல் இருபத்தைந்து மடங்குக்கும் மேலாகிறது. ஒரு நாட் என்பது மனிதன் மெல்ல நடக்கும் வேகத்தினும் குறைவானது. நடைவேகத்தில் வந்த கப்பல் கற்சுவரை எவ்வாறு இடித்தது என்று வியப்போருக்கு இதுவே விடை.

உல்லாசப் பயணக் கப்பலுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அது நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம் பெரும்பாலும் 7 முதல் 9 மீட்டர் வரையே. நீருக்கு மேலோ பல மாடிக் கட்டடம்போல் உயர்ந்து நிற்கிறது. காற்றை எதிர்கொள்ளும் பக்கப் பரப்பு 9,000 சதுர மீட்டராயின், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதனை ஐம்பது டன்னுக்கும் மேற்பட்ட விசையுடன் தள்ளும். நல்ல திறனுள்ள ஓர் இழுவைப் படகின் முழு இழுவிசைக்கு அது நிகர். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஒரு படகு போதிய இடத்தில் நான்கு தேவைப்படும். 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக் துறைமுகத்தில், மோசமான வானிலையில் கரையணைந்த ‘கோஸ்டா யூரோப்பா’ கப்பல் துறைமேடையில் மோதியது. கப்பல் பணியாளர் மூவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் இந்தியர்.

சட்டம் கூறுவது

பெரும்பாலான துறைமுகங்களில் பைலட்டை ஏற்றிக்கொள்ளாமல் பெரிய கப்பல் எதுவும் நுழைதல் கூடாது. உள்ளூர் நீரோட்டம், ஆழம், காற்று ஆகியவற்றை நன்கறிந்தவர் பைலட். கேப்டன் அவரைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. அவர் வேண்டாம் என்று மறுக்கவும் இயலாது. அவ்வாறாயின் பைலட்டின் பிழைக்குக் கப்பல் உரிமையாளர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

இவ்வாதத்தைப் பழைய ஆங்கிலச் சட்டம் ஏற்றிருந்தது. கட்டாயப் பைலட்டின் பிழையால் விபத்து நேர்ந்தால் உரிமையாளர் தப்பிவிடலாம். சேதமுற்றவரோ, இழப்பீடு தரும் வசதியற்ற பைலட் ஒருவரைத்தான் நாட வேண்டியிருந்தது. இக்குறையைக் களைய, 1910ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை, கப்பல்கள் தம்முள் மோதிக்கொள்ளும் வழக்குகளில் பைலட் கட்டாயமாக ஏற்றப்பட்டவராயினும் கப்பலின் பொறுப்பு நீங்காது என விதித்தது. பிரிட்டனின் 1913ஆம் ஆண்டுப் பைலட் சட்டமும் இதே நெறியைப் பின்பற்றியது.

இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த 1908ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டத்தின் 31ஆம் பிரிவும் இவ்வாறே கூறியது. பைலட் கட்டாயம்; ஆயினும் பைலட் இல்லாதிருந்தால் எவ்வாறு பொறுப்பேற்க வேண்டுமோ அவ்வாறே உரிமையாளரும் கேப்டனும் பொறுப்பேற்க வேண்டும். அதே சட்டம், துறைமுக அலுவலர் அல்லது பைலட்டின் செயலுக்கு அரசு பொறுப்பாகாது என்றும் விதித்திருந்தது.

ஆனால் 1963ஆம் ஆண்டின் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டத்தின் 116ஆம் பிரிவு சற்று மாறுபட்ட நோக்கு உடையது. கவனக்குறைவால் துறைக்குச் சேதம் விளைத்த கப்பலின் பாய்மரம், கயிறு, நங்கூரம், பண்டம் ஆகியவற்றைப் பறிமுதல் செய்து விற்றேனும் இழப்பை வசூலிக்க, அப்பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் அளித்தது. எனினும் அப்போது கப்பல் துறைமுகக் கழக ஊழியரின் ஆணைக்கு உட்பட்டிருந்து, அவரது ஆணையாலோ தவறாலோ சேதம் நேர்ந்திருந்தால், அவ்வழியில் வசூலிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு தடுத்தது. தன் ஊழியரின் பிழைக்குத் தானே இழப்பீடு கேட்பது முறையன்று என்ற நியாயம் அதில் உறைந்திருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையச் சட்டம் பெற்றது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் நாடாளுமன்றம் புதிய துறைமுகச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் அவ்விரு பழைய விதிகளும் எழுப்பிய கேள்வி பழையதாகிவிடவில்லை.

இழப்பீட்டுக்கு உரியோர் அனைவரும் ஒரே நிலையில் இல்லை என்பதும் கருதத்தக்கது. கப்பலின் பயணிகளுக்கு, பயணச் சீட்டின் நிபந்தனைகளும், ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஏதென்ஸ் உடன்படிக்கையும் துணை நிற்கின்றன. 2014இல் நடைமுறைக்கு வந்த அதன் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, கப்பல் மோதல் போன்ற நிகழ்ச்சிகளில் உரிமையாளரின் தவறை மெய்ப்பிக்காமலே குறிப்பிட்ட வரம்புவரை பயணி இழப்பீடு பெற வழிசெய்கிறது. கப்பல் பணியாளருக்கு வேலை ஒப்பந்தமும், 2015இல் இந்தியா ஏற்ற கடற்பணியாளர் உடன்படிக்கையும் உள்ளன. மோதுண்ட மற்றொரு கப்பலில் இருந்தவருக்கோ, கரையில் நின்றிருந்தவருக்கோ இவ்விரண்டும் இல்லை. பொதுச் சட்டப்படி வழக்காட வேண்டும். உரிமையாளரின் காப்பீட்டுச் சங்கம் பணம் தரக்கூடும். ஆனால் கப்பலின் கொள்ளளவுக்கு ஏற்பப் பொறுப்பை வரையறுத்துக்கொள்ளும் உரிமையும் உரிமையாளருக்குச் சர்வதேச உடன்படிக்கைகளால் கிட்டுகிறது.

ஆகவே, கப்பலைப் பொறுப்பாக்கும் விதி இழப்பீட்டுக்கு ஏற்ற விதியாகும். பாதிக்கப்பட்டவர் யாரை நாடுவது என்று அலைய வேண்டியதில்லை. ஆனால், ‘கப்பல் பணம் கொடுத்துவிட்டது, எனவே தவறு கப்பலுடையதே’ என்று துறைமுகம் கருதிவிடுமானால், அதுவே அடுத்த விபத்துக்கு வித்தாகும்.

ஜெனோவா புகட்டும் பாடம்

2013ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இரவு, இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து ‘ஜாலி நீரோ’ என்னும் சரக்குக் கப்பல் புறப்பட்டது. பைலட் மேல்தளத்தில் இருந்தார். இழுவைப் படகுகளும் உடன் இருந்தன. பின்னோக்கிச் சென்ற கப்பலை முன்னோக்கிச் செலுத்த வேண்டிய தருணத்தில் இயந்திரம் இயங்கவில்லை. கப்பலின் பின்புறம், துறையின் விளிம்பில் எழுப்பப்பட்டிருந்த துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மோதியது. கோபுரம் சரிந்து ஒன்பது பேர் மாண்டனர். அது பயணிக் கப்பல் அன்று. ஆயினும் துறையருகே நேரும் விபத்துகளுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

நீதிமன்றம் கேப்டனையும் பைலட்டையும் குற்றவாளிகள் எனக் கண்டது. தண்டனை பற்றிய கேள்விக்கு அது விடை. ஆனால் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. கப்பல்கள் திரும்பும் நீர்ப்பரப்பின் ஓரத்தில், மோதலைத் தாங்கும் தடுப்பு ஏதுமின்றி, மனிதர் பணியாற்றும் கோபுரத்தைக் கட்டியது எவ்வாறு என்ற கேள்வி தனி வழக்காகவே எழுந்தது. கப்பல் இயந்திரம் என்றேனும் ஒருநாள் பழுதுறும் என்பது துறைமுகம் நடத்துவோர் அறிந்ததே. அந்த ஒருநாளை எண்ணிக் கட்டாத துறைமுகம், விபத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும் துறைமுகமாகும்.

வெனிஸ் இழந்த ஏழாண்டுகள்

வெனிஸ் விபத்தையும் இந்நோக்கில் காண்பது பொருந்தும். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் ‘கோஸ்டா கன்கார்டியா’ கப்பல் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதி மூழ்கியதில் 32 பேர் மாண்டனர். அதனை அடுத்து, அவ்வாண்டு மார்ச்சில் இத்தாலிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 40,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூதெக்கா கால்வாயில் செல்லக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் மாற்று வழி ஆயத்தமான பின்னரே தடை நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. மாற்று வழி ஆயத்தமாகவில்லை. தடையும் நடைமுறைக்கு வரவில்லை. ஏழாண்டுகள் கழித்து ‘ஓபரா’ மோதியது. ஐந்து வாரங்களில், ஜூலை 7ஆம் நாள், புயற்காற்றில் சிக்கிய ‘கோஸ்டா டெலிசியோசா’ அதே நகரின் கரையை ஒட்டி வந்து மயிரிழையில் தப்பியது. 2021 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்துதான் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அக்கால்வாயில் தடுக்கப்பட்டன.

‘ஓபரா’வின் பழுது கப்பலில் நேர்ந்தது. ஆனால் அப்பழுது நேரும் இடம் நகரின் நடுவீதி போன்ற கால்வாயாக இருக்க வேண்டுமா என்பதைக் கப்பல் முடிவுசெய்யவில்லை. ஆபத்து உணரப்பட்டது, எழுத்திலும் இடம்பெற்றது, செயல்தான் தள்ளிப்போடப்பட்டது. இழப்பீட்டு வழக்கில் இத்தாமதத்துக்கு இடமில்லாமல் போகலாம். தடுப்புப் பற்றிய விசாரணையில் இதுவே முதலிடம் பெறத்தக்கது.

விசாரணை யார் கையில்?

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விபத்து விசாரணை நெறித்தொகுப்பு 2010 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்புக்கான விசாரணையும், குற்றம் சுமத்தும் விசாரணையும் தனித்தனியே நடைபெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. காரணம் வெளிப்படை. சொல்வதெல்லாம் தமக்கு எதிரான சாட்சியமாகும் என்று அஞ்சும் பைலட், உண்மையைச் சுருக்கியே சொல்வார். இத்துடன் மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். பைலட்டை நியமிப்பதும், துறையை ஒதுக்குவதும், இழுவைப் படகு அளிப்பதும், கட்டணம் பெறுவதும் துறைமுகமே. அத்துறைமுகமே விபத்தையும் விசாரித்தால், கப்பலின் குறைகள் எளிதில் புலப்படும். தன் குறைகள் அவ்வாறு புலப்படுவதில்லை.

இந்தியா கருத வேண்டுவன

2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2029ஆம் ஆண்டுக்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்குவது அதன் இலக்குகளுள் ஒன்று. மும்பை, மர்மகோவா, புதிய மங்களூர், கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்களில் பயணிக் கப்பல்கள் வந்து செல்கின்றன. சரக்குக் கப்பல்களுக்கென அமைந்த பழைய துறைகளில் உயரமான பயணிக் கப்பல்களை ஏற்கும்போது, வருவாய்க் கணக்குடன் காற்றுக் கணக்கும் போடப்பட வேண்டும்.

ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும், எந்தக் காற்று வேகத்துக்கு மேல் கரையணைதல் கூடாது என்ற வரம்பு முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும். அவ்வரம்பு மீறப்படும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் கேப்டனும் பைலட்டும், பயண அட்டவணை குலைந்ததற்காகக் கேள்விக்குள்ளாகக் கூடாது. எத்தனை இழுவைப் படகுகள் தேவை என்பதைக் கட்டணச் சிக்கனம் தீர்மானிக்கலாகாது. கரையணையும் முன் கேப்டனும் பைலட்டும் திட்டத்தையும், இயந்திரம் நின்றால் செய்ய வேண்டியதையும் பேசி முடித்திருக்க வேண்டும். கப்பல் வரும் வேளையில் அதன் பாதையருகே படகுகளும் மக்களும் இருத்தலாகாது. மோதல் தவிர்ந்த நிகழ்ச்சிகளும் பதிவு செய்யப்பட்டு ஆராயப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் கேப்டனின் பொறுப்பைக் குறைப்பதன்று. பைலட் ஏறியதால் கேப்டனின் கடமை இறங்கிவிடுவதில்லை என்பது கடலோடிகள் யாவரும் அறிந்த நெறி. அதுபோலவே, கேப்டன் பொறுப்பேற்றதால் துறைமுகத்தின் கடமையும் தீர்ந்துவிடுவதில்லை. இழப்பீட்டைக் கப்பல் தரலாம். தண்டனையை நீதிமன்றம் விதிக்கலாம். அடுத்த கப்பல் பத்திரமாகக் கரையணையுமா என்பது, அது அடிவானில் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே துறைமுக அலுவலகங்களில் எழுதப்படும் கோப்புகளில் தீர்மானமாகிறது. அக்கோப்புகளில் கையொப்பமிடுவோரும், இனி கையொப்பமிடவிருக்கும் மாணவர்களும் இதனை நினைவில் நிறுத்துதல் கடமையாகும்.