மூன்றாவது இருக்கையிலிருந்து

(அரியலூரில் அண்மையில் நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விமானத்தில் வேலை பார்த்தவன் சாதி ஒழிப்பு மேடையில் என்ன பேசப் போகிறான் என்று சிலர் நினைக்கலாம். ரயிலிலிருந்து தொடங்குகிறேன். இது அரியலூர் அல்லவா.

1956 நவம்பர் 23, விடியற்காலை. மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலத்தை ஒட்டிய கரை அரித்துப்போயிருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் இறங்கியது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரியலூர் என்றால் இந்தியாவுக்கு இன்றும் அந்த ராஜினாமாதான் நினைவு. செத்தவர்களை யாரும் நினைப்பதில்லை.

என் அப்பா அப்போது புதிதாகச் சேர்ந்த கேங்மேன். அன்று உடல்களைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒன்று மட்டும் சொல்வார்: "தண்ணி ஏறுறது மொதல்ல தெரியுறது தண்டவாளத்துல நடக்குறவனுக்குத்தான். ஆபீஸ்ல இருக்குறவருக்குக் கடைசியாத்தான் தெரியும்." எந்த விபத்தையும் அவர் மனதில் வைத்துச் சொன்னதில்லை. தன் வேலையைச் சொன்னார், அவ்வளவுதான்.

அம்மாவின் ஊர் பெரம்பலூர் பக்கம். மாவட்டத் தலைநகராகியும் பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ரயில் பார்க்கவே அங்கிருந்து இங்கே வருவார்கள். அந்த வீட்டுப் பையன் விமானம் ஓட்டினான் என்றால் ஒரே காரணம்தான். விமானப்படையில் பைலட் பயிற்சிக்குக் காசு கட்ட வேண்டாம். வெளியே படிக்க வேண்டுமென்றால் இன்று அரைக் கோடி ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். காலனித் தெருவில் யார் வைப்பார்கள்?

படையில் 20 ஆண்டுகள், பிறகு தனியார் விமானங்கள். கடைசியாக அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் ஒப்பந்த வேலை. ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர் என்பார்கள். 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் விமானப் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் நிலைக்கு இறக்கியது ஞாபகம் இருக்கலாம். சொன்ன காரணங்களில் முக்கியமானது, இந்த வேலைக்குப் போதுமான முழுநேர ஆட்கள் இல்லை என்பது. அவசரமாக ஆள் எடுத்தார்கள். 2015 ஏப்ரலில் தரம் திரும்பக் கிடைத்தது.

என்ன வேலை? காக்பிட்டில் இரண்டு பைலட்டுகளுக்குப் பின்னால் மடக்கி வைக்கிற சின்ன இருக்கை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பைலட்டுக்குப் போதிய ஓய்வு கிடைத்ததா, கம்பெனி தன் கையேட்டில் எழுதியபடி நடக்கிறதா, இறங்கும்போது 1,000 அடிக்கு வருகையில் வேகமும் இறங்கும் விகிதமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒழுங்காக இல்லையென்றால் இறங்கக்கூடாது, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். அதற்குப் பெயர் கோ அரவுண்ட். நான் எதையும் தொடக்கூடாது. எழுத மட்டும் செய்யலாம். ஆனால் அந்த எழுத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு.

அந்த இருக்கையில் உட்கார்ந்து நான் அதிகம் கவனித்தது கருவிகளை அல்ல. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் இளைய பைலட் வாயைத் திறக்கிறாரா என்பதைத்தான்.

2010 மே 22, மங்களூர். ஓடுதளத்தைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் செத்தார்கள். துணை விமானி மூன்று முறை "கோ அரவுண்ட்" என்று சொல்லியிருந்தார். கேப்டன் கேட்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. 21 பேர். அங்கேயும் துணை விமானி சொன்னார், கேப்டன் இறக்கினார். இளையவர் ஏன் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை? காக்பிட்டுக்குள் இருந்த செங்குத்தான அதிகாரச் சரிவு என்று விசாரணை அறிக்கையே எழுதியது.

சாதி இல்லாத நாட்டில் இது நடக்காதா? நடக்கும். 1977 மார்ச் 27, டெனெரிஃப். ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர். டச்சு விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர், அதாவது மூன்றாவது ஆள், எதிரே இருக்கும் விமானம் விலகிவிட்டதா என்று சந்தேகம் கேட்டார். கம்பெனியிலேயே பெரிய பெயர் வாங்கிய கேப்டன் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார். அதன்பின் உலகம் ஒரு பாடம் படித்தது. சின்னவர் சொல்வதைப் பெரியவர் கேட்கப் பயிற்சி தர வேண்டும் என்று விதி செய்தது. நம் நாட்டிலும் அந்த விதி உண்டு.

ஆனால் நம் ஆட்கள் காக்பிட்டுக்குள் ஏறும்போது கைப்பெட்டியோடு இன்னொன்றையும் கொண்டுவருகிறார்கள். மேலே போகப் போக மரியாதை, கீழே இறங்க இறங்க அவமதிப்பு என்று அம்பேத்கர் விளக்கிய படிநிலை, நான்கு நாள் வகுப்பில் கழன்று விழாது. என்னிடம் முதலில் கேட்கப்படுவது "முழுப் பெயர் என்ன?" என்பதுதான். தமிழனுக்கு இனிஷியலும் பெயரும்தானே இருக்கிறது! அவர்கள் தேடுவது கடைசிப் பெயரை. அது கிடைக்கவில்லையென்றால் அப்பா என்ன வேலை என்பார்கள். கேங்மேன் என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும்.

ஒருமுறை மூத்த கேப்டன் ஒருவர் வேகம் கூடியிருந்தும் சுற்றி வராமல் இறக்கினார். எழுதினேன். இரண்டு நாளில் எனக்கு வந்து சேர்ந்த பதில்: "கோட்டாவில் வந்தவர் நமக்குப் பாடம் நடத்துகிறார்." தோழர்களே, ராணுவ அதிகாரித் தேர்வில் இடஒதுக்கீடே கிடையாது. இருந்திருந்தால் என்னோடு இன்னும் பத்துப் பேர் வந்திருப்பார்கள். அந்த அறிக்கை மேலே போனதா, மேசையிலேயே கிடந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஒப்பந்த ஆள். ஆய்வாளர் தயங்காமல் எழுத வேண்டுமானால் அவர் சோறு பத்திரமாக இருக்க வேண்டும்.

2025 டிசம்பரில் நடந்ததைப் பார்த்தீர்கள். பைலட்டுகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிக்கு இண்டிகோ தயாராகவில்லை, ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின. அரசு கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தது, கூடவே சில மாதங்களுக்கு விதியைத் தளர்த்தியது. இன்ஸ்பெக்டர்கள் நான்கு பேரை வெளியே அனுப்பியது. அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தார்களா என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. எது முதலில் வளைந்தது, யார் முதலில் போனார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு செய்தி. ரயில் விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வேயின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயில் ஓட்டுகிறவனே ரயிலைச் சோதிக்கக்கூடாது என்று 1941-இலேயே பிரித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. சாகிறவர்களில் டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தால் இந்த நாட்டுக்கு இவ்வளவு நுட்பமாக யோசிக்கத் தெரிகிறது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 2016-இல் என் தாய்மாமன் மகன் வேறொரு மாவட்டத்தில் ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் செத்தான். முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இவன் இறங்கினான். இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் பிணவறை வாசலில் நின்றபோது பழக்கதோஷத்தில் ஒரு காவலரிடம் கேட்டேன்: "இதை விசாரிப்பது யார்?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "விஷவாயு சார்" என்றார். விசாரணை அங்கேயே முடிந்தது.

கோழிக்கோட்டில் 21 பேர் செத்ததற்கு ஓராண்டு விசாரித்து, ஒவ்வொரு நொடியையும் எழுதி, இனி நடக்காமலிருக்கப் பரிந்துரைகளும் கொடுத்தார்கள். தொட்டியில் செத்தவனுக்குக் கறுப்புப் பெட்டி இல்லை. இறங்கு என்று சொன்னது யார், மறுத்திருந்தால் அவனுக்கு என்ன ஆகியிருக்கும், முதல் ஆள் விழுந்ததும் மேலே நின்றவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எழுதவில்லை. இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. காசுக் கணக்கு இருக்கிறது. காரணக் கணக்கு இல்லை.

ஆய்வாளர் பதவி சட்டத்தில் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைப் படியுங்கள். இன்ஸ்பெக்டர்களை அரசு நியமிக்கலாம், அவர்கள் இடத்துக்குள் நுழைந்து சோதிக்கலாம், ஆவணங்களைக் கைப்பற்றலாம். காக்பிட்டில் எனக்கு இருந்த அதிகாரத்துக்குக் குறைந்தது இல்லை. உங்களில் யாராவது அந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்திருக்கிறீர்களா? கை தூக்குங்கள்.

சரி.

அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் தகவல் உரிமை மனு எழுதி வந்திருக்கிறேன். கேள்விகள் நான்குதான். இந்த மாவட்டத்தில் 20-ஆவது பிரிவின்படி இன்ஸ்பெக்டர் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார், இதுவரை எத்தனை இடங்களைச் சோதித்தார், என்ன எழுதினார். வாசலில் மேசைமேல் படிகள் இருக்கின்றன. அவரவர் பெயரில் அனுப்புங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். பெரம்பலூர்த் தோழர்கள் கடைசிப் பேருந்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.