இரவில் இறங்கும் விமானம்

மூலக்கொத்தளத்திலிருந்து பேச வந்திருக்கிறேன். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ரன்வே விளக்குகளைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

1973 மே 31. மெட்ராஸிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று, இரவு நேரத்தில் டெல்லி பாலம் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே புழுதிப் புயல். விமானம் தாழ்ந்து வந்து உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்தது. அதில் இருந்த 65 பேரில் 48 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் மசோதா அதற்கு முந்தைய நாள்தான் சட்டமானது. ராயபுரத்திலும் எண்ணூரிலும் நிலக்கரித் தூசோடு வாழ்ந்தவர்களுக்கு, அந்தக் கரியைத் தனியாரிடமிருந்து மீட்ட மனிதர் இவர் என்று நான் சொல்லாமல் விட முடியாது.

விசாரணையில் தெரியவந்தது இதுதான்: ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில், இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று வகுத்திருந்த உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கிவிட்டது. ஓராண்டுக்கு முன், 1972 ஜூனில், அதே பாலம் விமான நிலையத்துக்கு இரவில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமும் ஓடுபாதைக்கு வெகு முன்னாலேயே யமுனைக் கரையில் விழுந்திருந்தது.

அனுபவமுள்ள விமானி ஏன் தாழ்ந்து போகிறார்? காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கும்மிருட்டில் கரை விளக்கு பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும், ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், கரை வராது. விமானிக்கும் அப்படித்தான். கீழே வீடோ தெருவோ தெரியாத இருட்டு, தூரத்தில் ஓடுபாதை விளக்கு மட்டும் பளிச்சென்று. அப்போது தாம் அதிக உயரத்தில் இருப்பதாகக் கண் நம்பவைக்கும். அவரும் கீழே இறக்குவார்.

அந்தக் கண்ணைத் திருத்தத்தான் எங்கள் விளக்குகள். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு பெட்டிகள் வரிசையாக இருக்கும். பாப்பி என்போம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வரும் ஒளியின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் வருகிறீர்கள். நான்கும் வெள்ளை என்றால் அதிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்து, மேலே ஏறுங்கள்! ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் சாய்வு வித்தியாசம் ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மழைக்காலத்தில் மண் இளகிப் பெட்டி துளி சாய்ந்தாலும் அளந்து சரிசெய்வோம்.

மார்கழி விடியலில் லென்ஸில் பனி படியும். சிவப்பு வெளிறிப்போய் வெள்ளையோடு கலந்து குழப்பும். அதனால் விமானம் வராத நேரத்திலும் விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் எரியவிடுவோம். அந்தச் சூடு பனியைத் தங்கவிடாது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "ஏண்ணே, வீணா எரியுதே, அணைச்சிடட்டுமா?" என்று கேட்டான். லென்ஸைத் துணியால் துடைத்து அவன் கையில் ஈரத்தைக் காட்டினேன். "மேலேருந்து வர்றவருக்கு இதுதாம்பா வழி" என்றேன். அதன்பின் அந்தப் பெட்டிகளை என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

ஆனால் நேயர்களே, எந்த விளக்கும் தெரிந்தால்தான் உதவும். புழுதியிலோ மூடுபனியிலோ தெரியாதபோது விமானியின் முடிவு ஒன்றுதான் காப்பாற்றும்: எல்லை உயரத்தில் ஓடுபாதை தெரியவில்லையென்றால் மேலே ஏறித் திரும்பிச் சுற்றி வருவது. இதைக் கோ அரவுண்ட் என்பார்கள்.

இன்னும் பேச நிறைய இருக்கிறது, நேரம் நெருக்குகிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் போகும் விமானம் இறங்குவதுபோல வந்து சட்டென்று மேலே ஏறினால், தாமதமாகிறது என்று கோபப்படாதீர்கள், பணிப்பெண்ணிடம் சத்தம் போடாதீர்கள். கதவருகே விமானியைப் பார்த்தால் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.