கொறங்காட்டுப் புல்லும் அதன் விதையும்

(குர்லாவில் தமிழ் மாணவர்களும் அரசு ஊழியர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் குர்லாவில் ஜூலை மாதம் ஒன்றில் மட்டும் பெய்யும் மழை, காங்கேயம் வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம். இங்கிருந்து, அதாவது நம் மக்கள் இன்றும் குர்லா டெர்மினஸ் என்றே அழைக்கும் லோகமான்ய திலக் முனையத்திலிருந்து, கோவைக்குச் செல்லும் விரைவு வண்டி ஈரோட்டையும் திருப்பூரையும் கடந்து செல்கிறது. அந்த இருப்புப் பாதைக்குத் தெற்கே காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் எனப் பரந்து கிடக்கும் வறண்ட பூமியைப் பற்றியும், அதனைத் தாங்கி நிற்கும் ஒரு புல்லைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

அப்புல்லின் பெயர் கொழுக்கட்டைப் புல். தாவர நூலார் செங்க்ரஸ் சிலியாரிஸ் என்பர். ராஜஸ்தானத்து மக்களுக்கு இது அஞ்சன் புல். ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட பகுதிகளே இதன் தாயகம். அடியில் கிழங்குபோல் தடித்த தண்டில் உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு, கோடையில் காய்ந்து சருகாகித் தோன்றினாலும், ஒரு மழை விழுந்தவுடன் சில நாட்களில் துளிர்த்துவிடும் இயல்புடையது.

கொங்கு நாட்டு உழவர்கள் இப்புல்லை மையமாக வைத்து உருவாக்கிய மேய்ச்சல் முறையே கொறங்காடு. கிளுவை முள்வேலி சூழ்ந்த காடு. உள்ளே இடையிடையே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். வேலி உயிருள்ளது, ஆகவே கம்பியோ கல்லோ வாங்க வேண்டுவதில்லை. வெள்வேலத்தின் நெற்றுகள் கோடையில் ஆடு மாடுகளுக்குத் தீனியாகின்றன. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு, மீண்டும் மேய்ச்சலுக்கு விடுவதும் உண்டு. பெயர் பெற்ற காங்கேயம் காளைகள் இக்காடுகளில் வளர்ந்தவையே. அவற்றைக் குறித்து லிட்டில்வுட் 1936-இல் வெளிவந்த தம் தென்னிந்தியக் கால்நடை நூலில் எழுதியிருக்கிறார். இனத்தைப் பேசுவோர் பலர் புல்லைப் பேசுவதில்லை என்பது எனது நெடுநாளைய மனக்குறை.

கொறங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். பொதுப் புறம்போக்கு அன்று. ஆகவே அதன் கதி உடைமையாளரின் முடிவைப் பொறுத்தது. கால்நடை வருவாய் குறையும்போது நிலம் மனையாகிறது, காற்றாலைக்குப் போகிறது, அல்லது கவனிப்பாரின்றிச் சீமைக் கருவேலத்துக்கு இரையாகிறது. பயிர் இல்லாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் வேரூன்றியிருப்பதும் ஒரு காரணம். ஒரு கொறங்காடு அழியும்போது, அந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றவாறு பல தலைமுறைகளாகத் தேர்ந்து நின்ற புல் வகையும் அத்துடன் போய்விடுகிறது. விதை சேகரிப்பு அவசரமாவது இதனால்தான்.

இதில் கவனிக்கத்தக்க ஓர் அறிவியல் நுட்பம் உண்டு. கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை ஆக்குகிறது. மகரந்தச் சேர்க்கை தூண்டுதலாக மட்டுமே அமைகிறது. விதையில் உள்ள கரு தாயின் நகலாகவே இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பாஷா என்ற ஆய்வாளர் 1962-இல் இதனை விளக்கியதோடு, அரிதாகக் கருவுற்று விதையாக்கும் செடி இருப்பதையும் எடுத்துக்காட்டினார். இதன் பொருள் என்ன? சோளக் காட்டில் நூறு கதிர்களில் விதை எடுத்தால் நூறு வகைச் சேர்க்கைகள் கிடைக்கலாம். இங்கோ ஒரே காட்டில் நூறு தூர்களிலிருந்து எடுத்தாலும் இரண்டு மூன்று வகைகளின் நகல்களே கையில் இருக்கக்கூடும். ஆகவே ஓரிடத்தில் மூட்டை மூட்டையாக எடுப்பதைவிட, பல ஊர்களில், பல மண் வகைகளில் சிறிது சிறிதாக எடுப்பதே பயன் தரும். செம்மண், சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த ஓடை நிலம், கரிசல் ஓரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சேகரித்தல் வேண்டும். தூரின் உயரம், இலையின் நிறம், கதிரின் வண்ணம் மாறுபட்டுக் கண்டால் அவற்றையும் கலவாமல் தனிப் பையில் இடுவது நல்லது.

சேகரிக்கும் வேலை பார்வைக்கு எளிது. செய்யும்போது அவ்வளவு எளிதன்று. நாம் விதை என்று சொல்வது உண்மையில் மென்மையான முட்கள் சூழ்ந்த சிறு பஞ்சுக் கொத்து. அதனுள்ளேதான் மணி இருக்கிறது, சிலவற்றில் இராது. கதிர் முழுவதும் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியது காற்றில் உதிர்ந்து பறக்கும்; முற்றாததை உருவினால் வெறும் உமியே மிஞ்சும். வைக்கோல் நிறம் ஏறி, விரலால் இலேசாக உருவியதும் கையோடு வருவதே தக்க பருவம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மார்கழி, தை மாதங்களில் அதிகாலைப் பனி உலர்ந்த பிறகு உருவுவது நலம். சில கொத்துகளை உள்ளங்கையில் தேய்த்து மணி உள்ளதா என்று பார்த்துவிட்டு மேலே தொடர வேண்டும். அன்று முற்றி நிற்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது உலக விதை வங்கிகள் பின்பற்றும் நெறி. எஞ்சியது காட்டுக்கும் எறும்புக்கும் உரியது.

புதிதாக எடுத்த விதையை உடனே விதைத்துவிட்டு, முளைக்கவில்லை, விதை கெட்டது என்று தள்ளிவிடுவோர் உண்டு. இப்புல் விதைக்கு உறக்கக் காலம் உள்ளது. பல மாதங்கள் உலர வைத்த பிறகே நன்கு முளைக்கும். முளைப்புத் திறன் சோதனைக்கு வரும் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஜோத்பூரில் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் 1959 முதலும், ஜான்சியில் இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் 1962 முதலும் பணியாற்றுகின்றன. 1976-இல் தேசியத் தாவர மரபு வளச் செயலகம் அமைந்தது. அதன் புதுதில்லி மரபணு வங்கியில் நன்கு உலர்த்திய விதைகள் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை வெப்பநிலையில் நெடுங்காலம் காக்கப்படுகின்றன. ஜோத்பூர் நிலையம் 'மார்வார் அஞ்சன்' என்ற தேர்வையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டைப் புல்லில் 'கோ 1' என்ற இரகத்தையும் வழங்கியுள்ளன. இவை நல்ல இரகங்கள். ஆயினும் தீவன அபிவிருத்தி என்ற பெயரில் ஒரே இரகத்தை எங்கும் தூவினால், உள்ளூர் வகைகளைக் காக்க வந்த திட்டமே அவற்றை இடம்பெயர்க்கும் திட்டமாகிவிடும். அந்தந்த ஊர்க் காட்டில் எடுத்த விதையை அந்தந்த ஊருக்கே முதலில் கொடுப்பது முறை. அதற்குச் செலவும் குறைவு.

பிற நாடுகளின் அனுபவமும் எச்சரிக்கை தருகிறது. ஆஸ்திரேலியாவிற்கு ஒட்டகச் சேணங்களின் திணிப்பில் ஒட்டிக்கொண்டு சென்ற இப்புல், பின்னர் வேண்டுமென்றே விதைக்கப்பட்டு, உள்நாட்டுச் செடிகளை நெருக்கிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது. இன்று காய்ந்த புல்லில் பற்றும் தீ, தீயறியாத பாலைக் கள்ளிகளைக் கருக்குகிறது. இங்கு காக்க வேண்டிய புல்லை அங்கு பிடுங்கி எறிகிறார்கள். ஆகவே எடுத்த விதையைத் தம் விருப்பப்படி மலைக்காடுகளிலும் சரணாலயங்களிலும் வீசுவது சேவையாகாது.

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை 2022-இல் அறிவித்தது. அறிவிப்புகள் வரும், போகும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் ஊர்தோறும் மக்கள் பதிவேடு ஒன்றைக் கோருகிறது; அதில் மரங்களும் மூலிகைகளும் இடம்பெறுவதைக் காண்கிறோம். புல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு ஊராட்சிகளைக் கேட்கலாம். உறைந்த விதை ஒரு காப்பு மட்டுமே. மேய்ச்சலும் மழையும் தேர்ந்தெடுக்கும் வேலை காட்டில்தான் நடக்கிறது. வேலியைக் காக்கும் உடைமையாளருக்கு, கிணறு வெட்டவும் தென்னை வைக்கவும் கிடைக்கும் கடனுதவியில் ஒரு சிறு பகுதியாவது கிடைக்க வழி காண வேண்டும்.

உங்களில் சிலர் விடுமுறைக்கு அந்தப் பக்கம் செல்வீர்கள். விதை எடுப்பதானால் நில உடைமையாளரின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். காகிதப் பையே போதும். பாலிதீன் பையில் விதை புழுங்கிவிடும். உறையின்மேல் ஊர், நாள், மண்ணின் தன்மை, எத்தனை தூர்களில் எடுத்தது என்பவற்றை எழுதுங்கள். அங்கே ஆடு மேய்க்கும் அம்மா அந்தப் புல்லை எந்தப் பெயரால் அழைக்கிறாரோ, அதையும் அப்படியே எழுதுங்கள்.