படித்தபின் ஒப்புவோம்



கேட்டதற்கு விடை சொல்வதோடு நில்லாமல், நம் கணிப்பொறியிலுள்ள கோப்புகளைத் தாமே படித்துத் திருத்தவும், கட்டளைகளை இயக்கவும் வல்ல செயற்கை அறிவு முகவர்கள் இன்று வந்துவிட்டன. 2025-இல் ஆந்த்ரோப்பிக் நிறுவனம் வெளியிட்ட கிளாட் கோட் அவற்றுள் ஒன்று. அதன் அமைப்புக் கோப்பில் மூன்று பட்டியல்களை நாம் எழுதலாம்: அனுமதிப்பவை, கேட்டுச் செய்பவை, மறுப்பவை. ஒரே செயல் அனுமதியிலும் மறுப்பிலும் இடம்பெற்றால் மறுப்பே வெல்லும்.

மாணவர்களின் சான்றிதழ்களும் உதவித்தொகை விண்ணப்பங்களும் உள்ள கோப்புறையை முதலில் மறுப்பில் எழுதுங்கள். அதுமட்டும் போதாது, முகவர் இயக்கும் வேறொரு நிரல் அதனைத் திறந்துவிடக் கூடும். ஆகவே வேலைக்கெனத் தனிக் கோப்புறை அமைத்து, அதில் படிகளை மட்டும் வையுங்கள். படிக்க அனுமதி தரலாம். அழிப்பதும் வெளியே அனுப்புவதும் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்டே நடைபெறட்டும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்? முகவர் படிக்கும் ஆவணத்திலேயே எவரேனும் மறைவாகக் கட்டளை எழுதி வைத்திருக்கலாம். அதனை நம் சொல்லென மயங்கி அது நிறைவேற்றிவிடக் கூடும். வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் அதிகாரம் தரலாகாது என்னும் நெறியைச் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர்கள் 1975-இலேயே எடுத்துரைத்தனர்.

எழுத்தறியாத நம் முன்னோர் பலர், படிக்க இயலாத பத்திரத்தில் கைநாட்டிட்டு நிலம் இழந்தனர். எழுத்தறிந்த நாம், திரையில் அனுமதி கேட்டு வரும் வாசகத்தைப் படியாமல் ஒப்புவது தகுமா? படியுங்கள், பின்னர் ஒப்புங்கள்.